பதினொரு கடைகள்

குரோம் தோல் கம்பெனி இங்கே இருந்தபடியால் இந்த ஊருக்குக் குரோம்பேட்டை என்று பெயர் வந்தது. இப்போது பெயர் வைப்பதானால் 'மென்பொருள்பேட்டை' என்றுதான் வைக்க வேண்டும். தெருவுக்கு நாலு பேராவது அந்த உத்தியோகத்தில் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒரு வாலிபர் சென்ற ஞாயிற்றுக்கிழமை தம் தகப்பனாருடன் என் வீட்டுக்கு வந்தார். பகலில் கம்பெனி வேலை. இரவில் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதித் தரும் மென்பொருள் ஒன்றைச் சொந்தமாகச் செய்திருக்கிறார். பதினொரு கடைகளில் அது ஓடுகிறது. உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்துவிட்டு இதிலேயே இறங்க வேண்டுமென்று அவருக்கு ஆவல். தகப்பனாருக்கோ வீட்டுக் கடனும் பெண்ணின் கல்யாணமும் கண்முன் நிற்கின்றன. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை என் தலையில் சுமத்தினார்கள்.

தீர்ப்புக்குப் பதிலாக, ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம், வண்டலூர் தாண்டிக் கூடுவாஞ்சேரிப் பக்கம் இருக்கும் ஸோஹோ ஸ்தாபனத்தின் கதையைச் சொன்னேன். டோனி தாமஸும், ஸ்ரீதர் வேம்புவும் அவருடைய சகோதரர்களும் 1996இல் அதைத் தொடங்கியபோது அதற்கு அட்வென்ட்நெட் என்று பெயர். தொலைத்தொடர்பு வலைகளை மேற்பார்வை பார்க்கும் மென்பொருளைச் செய்து, சாதனங்கள் தயாரிக்கும் கம்பெனிகளுக்கு விற்றார்கள். 2001 வாக்கில் அந்த வியாபாரம் உலகெங்கும் குப்புற விழுந்தது. வாங்குகிறவனே மூழ்கினால் விற்கிறவன் கதி என்ன?

அவர்கள் தளர்ந்துவிடவில்லை. தெரிந்த வித்தையையே வேறு பக்கம் திருப்பினார்கள். சாதாரணக் கம்பெனிகள் தங்கள் கம்ப்யூட்டர் வலைகளைத் தாங்களே கவனித்துக்கொள்ள உதவும் மென்பொருளை 'மேனேஜ் எஞ்சின்' என்ற பெயரில் விற்றார்கள். அது சோறு போட்டது. அந்தச் சோற்றைத் தின்றுகொண்டுதான் 2005இல், கடிதம் எழுதுவது முதலான ஆபீஸ் வேலைகளை இணையத்தின் வழியே செய்யும் மென்பொருளை ஓர் உபதொழிலாக ஆரம்பித்தார்கள். ஸோஹோ என்பது அந்தக் கடைக்குட்டியின் பெயர். மைக்ரோஸாப்டும் கூகிளும் எதிரே நிற்கும் களத்தில் அது உடனே லாபம் தரும் என்று யாரும் நம்பியிருக்க முடியாது. மூத்த பிள்ளை சம்பாதித்தபடியால் இளையவனை அவசரப்படுத்த அவசியம் ஏற்படவில்லை. 2009இல் ஸ்தாபனத்துக்கே இளையவன் பெயரை வைத்தார்கள். பங்குச் சந்தைக்குப் போகாமலே, வருஷ வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டியதாக 2022இல் அறிவித்தார்கள்.

"கிரீஷ் மாத்ருபூதம் ஸோஹோ உத்தியோகத்தை விட்டுவிட்டுத்தானே 2010இல் ஆரம்பித்தார்? அதுவும் பக்கத்துக் கீழ்க்கட்டளையில்! 2021இல் அவருடைய பிரஷ்வொர்க்ஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்கே போய்விட்டதே, சார்!" என்றார் வாலிபர். பிள்ளையாண்டான் நன்றாகத்தான் படித்து வைத்திருக்கிறார்.

வாஸ்தவம். ஆனால் அந்தக் கம்பெனிக்கு 2011இலேயே பிறர் மூலதனம் வந்து சேர்ந்தது. பிறர் பணம் வேகத்தைத் தரும்; கூடவே அந்த வேகத்தில் ஓடியே தீரவேண்டிய கட்டாயத்தையும் தரும். அது ஒரு பாதை. நம் வாலிபருக்கு மூலதனம் தருகிறேன் என்று யாரும் வரவில்லை. அவருக்கு மாதாமாதம் மூலதனம் போடுவது அவர் விடத் துடிக்கும் அந்த உத்தியோகந்தான்!

"பதினொரு கடைக்காரர்களும் ஒழுங்காகப் பணம் தருகிறார்களா?" என்று கேட்டேன்.

அவர் சற்றுத் தயங்கினார். நாலு பேர் தீபாவளியிலிருந்து தரவில்லையாம். கேட்டாரா? கேட்கவில்லையாம், கூச்சமாக இருந்ததாம். மென்பொருளில் புதிது புதிதாக வசதி சேர்ப்பதற்கு மட்டும் இரவெல்லாம் கண் விழித்திருக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. முன்பின் அறியாத அயல்நாட்டுக்காரனிடம் பொருளை விற்றுப் பணமும் வசூலித்தவர்களின் கதையை அல்லவா இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்!

அதுவரையில் வாய் திறவாதிருந்த தகப்பனார், "அந்த நாலு கடைகள் எவை?" என்று விசாரித்தார். ஸ்டேஷன் ரோட்டுப் பாத்திரக் கடை என்றதும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அவனா? என்னோடு படித்தவன். நாளைக்குக் காலையில் நானே போகிறேன். ரசீதுப் புத்தகம் எங்கே வைத்திருக்கிறாய்?"

வாலிபர் என்னைப் பார்த்தார். ரசீதுப் புத்தகம் அவரிடம் கிடையாது.