சிவப்பு மை எதைத் திருத்துகிறது?

பள்ளி மாணவரின் கட்டுரை நோட்டைப் புரட்டினால் நாம் காண்பது என்ன? மிகாத இடத்தில் மிகுந்த ஒற்றுக்கு ஒரு சுழி. ரகர றகர மயக்கத்துக்கு ஓர் அடிக்கோடு. இறுதியில் தேதியும் கையொப்பமும். பிழையான சொல்லைப் பத்து முறை எழுதிவரவேண்டும் என்ற கட்டளை வேறு. இதைத்தான் ‘கட்டுரை திருத்துதல்’ என்கிறோம். இது மெய்ப்புப் பார்த்தலேயன்றித் திருத்தம் அன்று. ரஃப் நோட்டிலிருந்து ஃபேர் நோட்டுக்கு வருகையில் கையெழுத்து அழகாகிறது. சிந்தனையோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இவ்வறுமை நம் மரபு தந்ததன்று. நன்னூலில் பவணந்தியார் நூலுக்குரிய குற்றங்களைப் பத்தாக வகுத்தார். அவற்றுள் நேரடியாகச் சொல்வழுவைச் சுட்டுவது ஒன்றே. சொன்னதையே மீண்டும் சொல்லுதல், முன்னுக்குப்பின் முரணுதல், எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரித்தல், போகப்போகத் தேய்ந்து முடிதல் என மற்றவை பெரிதும் கருத்தையும் கட்டமைப்பையும் பற்றியவை. நம் சிவப்பு மை அந்த ஒன்றை மட்டுமே தேடுகிறது. பத்தையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவரிடம், “உன் கட்டுரையில் இவற்றுள் எது இருக்கிறது?” என்று எவரேனும் கேட்டதுண்டா? இலக்கண வகுப்பும் கட்டுரை வகுப்பும் ஒன்றையொன்று அறியாமலே நடக்கின்றன.

எலியட்டின் ‘பாழ்நிலம்’ வெளிவந்தது 1922இல். அதன் கைப்பிரதி 1971இல் நூலானபோது, எஸ்ரா பவுண்ட் நீண்ட பகுதிகளையே அடித்திருந்ததை உலகம் கண்டது. ‘இவ்வரிகள் இங்கே வேண்டுமா?’ என்ற வாசகக் கேள்வியே அங்கு வேலை செய்தது. அந்தக் கேள்வியைத் தன் எழுத்தின்மீது தானே தொடுக்கப் பழகுவதுதான் திருத்தக் கல்வி.

நாற்பது நோட்டுகளைப் பார்க்கும் ஆசிரியருக்கு இதற்கெல்லாம் நேரமேது என்பர். நேரமின்மை மெய், ஆனால் அது நம் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. ஆண்டுக்குப் பத்துக் கட்டுரைகளை ஒருமுறை எழுதுவிப்பதற்கு மாற்றாக, மூன்று கட்டுரைகளை மும்மூன்று முறை எழுதுவிக்கலாம். முதல் வரைவுக்கு மதிப்பெண் வேண்டா. அதைப் பக்கத்து மாணவர் படித்துத் தமக்கு விளங்காத இடத்தைச் சுட்டட்டும். இரண்டாம் வரைவில் ஒரு பத்தியேனும் நீங்கவோ இடம்மாறவோ வேண்டும். ஏன் மாற்றினோம் என்பதை மாணவர் இரண்டு வரியில் எழுதட்டும். ஆசிரியர் மூன்றாவதைப் படித்தால் போதும். எழுத்துப்பிழை பார்ப்பதற்கும் அதுவே உரிய கட்டம். நீக்கப்படவிருக்கும் பத்தியில் ஒற்றுப்பிழை பார்ப்பது, இடிக்கப்போகும் சுவருக்கு வெள்ளையடிப்பதாகும்.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகத்தை நிரப்பிவிட்டால் கட்டுரை முடிந்தது என்று நம்பவைக்கப்பட்ட பிள்ளைகளே நாளை எழுதவும் வருகின்றனர். தம் வரியைத் தாமே அடிக்கத் துணியாதவரிடமிருந்து நல்ல உரைநடையை எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? சிவப்புப் பேனாவை மாணவர் கையில் கொடுங்கள் என்பதே எம் கோரிக்கை.