பலாச்சுளையும் ஈய அணுக்கருவும்

பண்ருட்டி, அண்ணாகிராமம் பக்கம் பலாப்பழம் அறுப்பவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரே எடையுள்ள இரண்டு பழங்களில்கூடச் சுளைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதில்லை. பழத்துக்குச் சராசரியாக இத்தனை சுளை என்று கணக்கிடலாம். ஆனால், அந்த எண்ணிக்கை பழத்துக்குப் பழம் எவ்வளவு கூடிக் குறைகிறது, ஒரே மரத்துப் பழங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தால்தான் மரத்தின் சேதி தெரியும்.

ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தின் மாபெரும் துகள் மோதுவியில் 2010 நவம்பரில் ஈய அணுக்கருக்களை மோதவிடத் தொடங்கிய விஞ்ஞானிகளின் கேள்வியும் இதுதான். நேருக்கு நேரான ஒரு மோதலில் ஆயிரக்கணக்கான துகள்கள் தெறிக்கின்றன. அந்த எண்ணிக்கை மோதலுக்கு மோதல் மாறுவது ஏற்ற இறக்கம். ஒரு துகள் போகும் திசைக்கும் இன்னொன்று போகும் திசைக்கும் உள்ள பிணைப்பு ஒட்டுறவு. தங்க அணுக்கருக்களை மோதவிட்டு இத்தகைய ஒட்டுறவுகளை அளந்த அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம், அங்கே அணுக்கரு உருகி உருவாகும் குவார்க்-குளுவான் பொருள் வாயுவைப் போல அல்லாமல் நீர்மத்தைப் போல ஓடுகிறது என்று 2005இல் அறிவித்தது.

இந்தக் கணக்குக்குத் தமிழகத் தொடர்பு உண்டு. விண்ணிலிருந்து வரும் ஒரே ஒரு துகள், காற்றில் மோதி ஒன்று பலவாகப் பெருகிப் பொழியும். பொழிவில் சராசரியாக எத்தனை துகள்கள் என்பது தெரிந்திருந்தது. அது எவ்வளவு கூடிக் குறையும் என்பது சிக்கலாக இருந்தது. ஹோமி பாபாவிடம் ஆய்வைத் தொடங்கிய சென்னைக்காரர் அல்லாடி ராமகிருஷ்ணன், 1950இல் அதற்கு வழி சொன்னார். ஓர் ஆற்றலில் ஒரு துகளும் வேறோர் ஆற்றலில் மற்றொன்றும் சேர்ந்து கிடைக்கும் வாய்ப்பை எழுதும் முறை அது. இன்றைய ஆய்வாளர்களும் இரு துகள்கள் சேர்ந்து கிடைக்கும் அடர்த்தியிலிருந்து, தனித்தனி அடர்த்திகளின் பெருக்கற்பலனைக் கழித்து, மிஞ்சுவதையே ஒட்டுறவு என்கிறார்கள். மயிலாப்பூரில் தன் வீட்டிலேயே கருத்தரங்கு நடத்திய ராமகிருஷ்ணன், 1962 ஜனவரி 3 அன்று சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஈய மோதல்களை ஆராயும் செர்னின் ஆலிஸ் சோதனையில், ஒளித்துகள்களான ஃபோட்டான்களை எண்ணும் கருவியை இந்தியர்களே கட்டினார்கள். கொல்கத்தா, புவனேஸ்வரம், சண்டிகர், ஜெய்ப்பூர், ஜம்மு ஆய்வாளர்களின் உழைப்பு அது. புரூக்ஹேவன் மோதல்களில் புரோட்டான் எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தை மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சௌரேந்து குப்தாவும் பெடங்கதாஸ் மொஹந்தி உள்ளிட்ட பிறரும் கணினிக் கணக்கோடு ஒப்பிட்டார்கள்; சாதாரணப் பொருள் அந்தக் குவார்க்-குளுவான் குழம்பாக மாறும் வெப்பம் சுமார் 2 லட்சம் கோடி டிகிரி என்று 2011இல் கண்டார்கள். சூரியனின் மையத்தைவிட அது லட்சம் மடங்குக்கும் மேல்!

இந்த வேலை நம் கடலூர் மாவட்டக் கல்லூரிகளுக்கு எட்டாததா? இல்லை. செர்ன் தன் சோதனைத் தரவுகளில் ஒரு பகுதியை 2014 முதல் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு கணினியும் இணைய இணைப்பும், வழிகாட்டும் ஆசிரியரும் போதும். 2017 முதல் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடு. அதற்கான ஆண்டுச் சந்தா மக்களின் வரிப்பணம். அதன் பலன் பெருநகர நிறுவனங்களோடு நின்றுவிடக் கூடாது.

2004இல் இந்திய அரசு அளித்த 2 மீட்டர் உயர நடராஜர் சிலை செர்ன் வளாகத்தில் நிற்கிறது. தில்லையின் கூத்தர் போய்ச் சேர்ந்த இடத்துக்குத் தில்லையின் மாணவர்களும் போய்ச் சேர வேண்டும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கடலூர் மாவட்டக் கல்லூரிகளும் இறுதியாண்டு இயற்பியல் திட்டப்பணியில் இந்தத் தரவுகளை வரும் கல்வியாண்டிலேயே சேர்க்கட்டும். செய்முறைக் கையேட்டைத் தமிழிலும் தரட்டும்.