காலம் காட்டும் வினை

அறிவியல் கட்டுரையில் வினையின் காலம் பிழைத்தால், செய்தியே பொய்யாகிவிடும். ஆதலின் காலத்தைத் தேர்ந்தெடுப்பது இலக்கணக் கடமை மட்டுமன்று. உண்மைக்கு நாம் செய்யும் கடமையும் ஆகும்.

கோட்டுகாலை அடுத்த விழிஞ்ஞம் கடற்கரையில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முயற்சியால், 1991ஆம் ஆண்டு 150 கிலோவாட் திறனுள்ள அலைமின் நிலையம் அமைக்கப்பட்டது. உயர்ந்த அலை, அறைக்குள் இருந்த காற்றைத் தள்ளியது, அக்காற்று விசையாழியைச் சுழற்றியது, மின்சாரம் கிடைத்தது. இன்று அந்நிலையம் இயங்கவில்லை. "அது மின்சாரம் தருகிறது" என்று ஒரு மாணவர் எழுதினால், அத்தொடரில் எழுத்துப்பிழை இராது; ஆயினும் படிப்பவர் ஏமாறுவார்.

"அலை உயர்ந்தால் அறைக்குள் உள்ள காற்று அழுத்தப்படும்" என்பதோ என்றும் மாறாத உண்மை. முக்காலத்திற்கும் பொதுவான இத்தகைய இயற்கையைச் 'செய்யும்' என்னும் வாய்பாட்டுச் சொல்லால் கூறவேண்டும் என்று தொல்காப்பியர் அன்றே விதித்தார். "நீர் கொதிக்கிறது" என்பது அடுப்பின்மேல் இப்பொழுது நிகழ்வது. "கடல்மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும்" என்பது இயற்கை நெறி. நீங்கள் பயிலும் மலையாளத்திலும் இவ்வேறுபாடு உண்டு.

ஆகவே மாணவர்களே, செய்து முடித்த சோதனையை இறந்த காலத்திலும், இப்பொழுது காண்பதை நிகழ்காலத்திலும், மாறாத இயல்பைச் 'செய்யும்' என்னும் வடிவிலும் எழுதுங்கள். அப்பொழுதுதான் உங்கள் குறிப்பைப் பிறர் நம்புவர்.