புகையில்லாப் பள்ளி: பீடித் துண்டைப் பொறுக்குவது யார்?

'புகையிலை இல்லாத வளாகம்' என்று தொடக்கப்பள்ளிச் சுவர்களில் பலகை தொங்குகிறது. மகிழ்ச்சி. புகையிலை நம் பிள்ளைகளை நெருங்கக் கூடாது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நம் கேள்வி வேறு.

2019இல் ஒன்றிய சுகாதார அமைச்சகம் புகையிலையில்லாக் கல்வி நிறுவனங்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. பள்ளி தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ள ஒரு பட்டியலும் அதில் உண்டு. வளாகத்தில் பீடித் துண்டோ குட்கா உறையோ எச்சில் கறையோ இல்லையென்றால் மதிப்பெண். கிடந்ததைக் கூட்டி அள்ளியது யார் என்று கேட்க அந்தப் பட்டியலில் இடமில்லை.

யார் என்று நமக்குத் தெரியும். சுற்றுச்சுவர் இல்லாத பள்ளியில் இரவெல்லாம் ஊதிவிட்டுப் போகிறார்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள். துப்புரவுப் பணியாளர் இல்லாத பள்ளியில், காலையில் துடைப்பம் எந்தப் பிள்ளையின் கைக்குப் போகும்? 2022இல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பட்டியல் சாதிக் குழந்தைகளைக் கழிவறை கழுவ வைத்த புகாரில் தலைமை ஆசிரியை கைதானார். கழிவறைக்கு ஆள் பிடித்த அதே சாதிப் புத்திதான் பீடித் துண்டுக்கும் ஆள் பிடிக்கும்.

அடுத்து, கடை. 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்கக் கூடாது. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு இன்னும் கடுமையானது: குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். உங்கள் ஊரில் எந்தக் கடைக்காரர் மீதாவது இது பாய்ந்திருக்கிறதா? "தம்பி, ஓடிப்போய் ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வா" என்று பிள்ளையை அனுப்பும் பெரியவர் மீது?

பாயாது. ஆனால் 'கூல் லிப்' பீதி கிளம்பியதும் முதலில் திறக்கப்படுவது காலனிப் பிள்ளையின் பை. "அவங்க வீட்டுப் பழக்கம் அப்படி" என்று தீர்ப்பும் கூடவே வந்துவிடும். விற்றவன் கல்லாவில் உட்கார்ந்திருக்க, எட்டு வயதுப் பிள்ளை குற்றவாளியாக நிற்கிறது.

"புகையிலையிலுமா சாதி பார்ப்பீர்கள்?" என்பார்கள். பார்ப்பது நாமல்ல. துடைப்பத்தை நீட்டும்போதும் பையைத் திறக்கும்போதும் பார்க்கிறவர்களிடம் அதைக் கேளுங்கள்.

தோழர்களே, கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். நலிந்த பிரிவினருக்கு உரிய பிரதிநிதித்துவம் வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு நம் அம்மாக்களோடு போங்கள். நான்கு தீர்மானங்கள் போடச் சொல்லுங்கள்: எந்தப் பிள்ளையும் குப்பை அள்ளக் கூடாது, சம்பளத்துக்கு ஒரு துப்புரவுப் பணியாளர் வேண்டும், 100 கெஜத்துக்குள் உள்ள கடைகளைப் பட்டியலிட்டுக் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும், எந்தப் பிள்ளையின் பையையும் சாதி பார்த்துச் சோதிக்கக் கூடாது. புகார் கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

பலகை மாட்ட ஓர் ஆணி போதும். புகையை ஒழிக்க, ஊரில் செல்வாக்குள்ளவர்களைப் பகைத்துக்கொள்ளும் துணிவு வேண்டும்.

ஜெய்பீம்.