பெட்டியில் வரும் போன்: சுன்னாகத்திலிருந்து ஒரு கணக்கு

ரொறன்ரோவிலிருந்து அண்ணா அனுப்பிய பெட்டி போன மாதம் வீடு வந்து சேர்ந்தது. இரண்டரை மாதம் கப்பலில் கிடந்த பெட்டி. சொக்லேட், சவர்க்காரம், பிள்ளைகளுக்குச் சப்பாத்து, அவற்றுக்கு நடுவே துவாயில் சுற்றி ஒரு பிளெண்டர். அம்மாவுக்குச் சட்னி அரைக்க. அன்று பின்னேரமே செருகிப் பார்த்தோம். ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான்.

சுன்னாகம் சந்தைப் பக்கம் திருத்துபவரிடம் கொண்டுபோனேன். கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. “கனடாச் சாமானோ? அங்க கரண்ட் 120, இங்க 230. மோட்டர் எரிஞ்சிருக்கும் தம்பி” என்றார். அவருடைய மேசைக்குக் கீழே இதேபோல இன்னும் நான்கைந்து கிடந்தன. குடாநாட்டுக்கு வரும் மின்சாரம் பிரிந்து போகிற ஊரிலேயே எங்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த மேசைக்குக் கீழே கிடப்பது வெளிநாட்டில் இரண்டு வேலை செய்யும் யாரோ ஒருவரின் உழைப்பு. இதை ஏன் இன்னமும் பெட்டியில் அனுப்புகிறார்கள், இங்கே ஏன் வாங்க முடியாமல் இருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பழக்கம் எங்கிருந்து வந்தது

1977க்கு முன்னர் இறக்குமதிக் கட்டுப்பாடு. அதன் பிறகு சந்தை திறந்தது. மத்திய கிழக்குக்குப் போனவர்கள் றேடியோ கசற்றுடன் வந்து இறங்கினார்கள். போர்க்காலத்தில் வடக்குக்குப் பற்றரிகூடத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறது. 2002இல் ஏ-9 பாதை திறந்தது. 2006இல் மறுபடி மூடியது. ‘கிடைக்கிறபோதே எடுத்து வை, வெளியில் இருக்கிறவனிடம் சொல்லி வை’ என்பது எங்களுக்கு அனுபவம் தந்த புத்தி.

போர் முடிந்த பிறகு அந்தப் புத்தி மாறியிருக்க வேண்டும். மாறவிடாமல் செய்தது பொருளாதாரம். 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி, கைபேசி உட்பட 623 வகைப் பொருட்களின் இறக்குமதிக்கு முழுத் தொகையையும் முற்பணமாக வைக்கச் சொன்னது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. அதன்பின் 2024 ஜனவரி முதலாம் திகதி வற் வரி 18 வீதமானது. அதுவரை விலக்குப் பெற்றிருந்த கைபேசியும் அன்றைக்கே அதற்குள் வந்தது.

கணக்கு எளிது. ஒரு இலட்சம் ரூபா போனுக்கு வற் மட்டும் 18,000 ரூபா. வெளிநாட்டில் உறவு உள்ளவர் இந்தப் பணத்தைத் தப்ப வைக்க வழி இருக்கிறது: யாராவது ஊருக்கு வரும்போது கையில் கொடுத்து விடலாம். உறவு இல்லாதவர், அதாவது தோட்டக் கூலிக்குப் போகிறவரும் சந்தையில் மூட்டை தூக்குகிறவரும், முழு வரியையும் கட்டித்தான் வாங்க வேண்டும். வசதியுள்ளவனுக்கு வரி குறைந்து, இல்லாதவனுக்குக் கூடுகிறது. கொரோனாக் காலத்தில் போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் இல்லாமல் போனதைக் கண்ட பிறகும், போனை ஆடம்பரம்போல் நடத்துவது எப்படி நியாயமாகும்?

கடைக்காரரின் பக்கம்

மறுபக்கமும் உண்டு. காங்கேசன்துறை வீதியில் போன் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் சொன்னார்: “நாங்கள் வாடகை, வரி எல்லாம் கட்டி விக்கிறம். உங்கட அண்ணை பையுக்குள்ள கொண்டுவந்து குடுத்தா எங்களுக்கென்ன மிஞ்சும்?” அவர் சொல்வது சரி. பரிசாக வருவதைவிட, பரிசென்ற பெயரில் விற்பனைக்கு வருவதுதான் அவருக்கு அடி.

இதைத் தடுக்கத்தான் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2025 ஜனவரி 28 முதல் கைபேசிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் உண்டு, *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். அந்தத் திகதிக்கு முன்னரே இங்கே பாவனையில் இருந்தவற்றுக்குப் பிரச்சினை இல்லை. புதிதாக வருபவை பதிவில் இருக்க வேண்டும். கடையில் வாங்கும்போது அந்த எண்ணை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிச் சரிபார்க்கலாம். முறையில் தவறில்லை. ஆனால் கொழும்பில் எழுதப்படும் விதி, சுன்னாகத்தில் தனியே இருக்கும் அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு அவருடைய மொழியில், அவருடைய பிரதேச செயலகத்திலேயே விளங்கப்படுத்தப்பட வேண்டும். பேரப்பிள்ளையின் முகத்தை அவர் பார்ப்பது அந்தப் போனில்தான்.

பெட்டியின் பாதையும் இதே கதைதான். காங்கேசன்துறைத் துறைமுகம் எங்களிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்குள். 2023 ஒக்ரோபரில் அங்கிருந்து நாகபட்டினத்துக்குப் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. கனடாப் பெட்டியோ கொழும்பில் இறங்கி, சுங்கத்தைத் தாண்டி, லொறியேறி வருகிறது.

அனுப்புகிறவர்களுக்கு

2024இல் வெளிநாட்டுப் பணியாளர்கள் இந்த நாட்டுக்கு அனுப்பிய பணம் ஏறத்தாழ 657 கோடி டொலர். பெட்டியில் வரும் பொருளின் பெறுமதி அந்தக் கணக்கில் இல்லை. அதைக் கவனமாகச் செலவழிப்பது நம் பொறுப்பு.

சூடாக்கும் பொருள், மோட்டர் உள்ள பொருள் எதையும் வட அமெரிக்காவிலிருந்து அனுப்பாதீர்கள். பணத்தை அனுப்புங்கள், இங்கே உத்தரவாதத்தோடு வாங்கலாம், ஊர்க் கடையும் பிழைக்கும். மடிக்கணினி, போன் சார்ஜர்களில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. அமெரிக்காவில் ஒப்பந்தத்தில் வாங்கிய போன் அந்த நிறுவனத்துக்கே பூட்டப்பட்டிருக்கலாம். கனடாவில் 2017 டிசெம்பருக்குப் பிறகு பூட்டி விற்க முடியாது. 2022இலிருந்து அமெரிக்காவில் விற்கும் புதிய ஐபோன்களில் சிம் போடும் இடமே இல்லை. பக்கத்து வீட்டு மாமி அப்படி வந்த ஒன்றைக் கையில் வைத்து, பழைய சிம்மை எங்கே செருகுவதென்று ஒரு நாள் முழுக்கத் தேடினா.

அரசு செய்ய வேண்டியதும் பெரிதல்ல. விலை குறைந்த போனுக்கு வற்றைக் குறைக்கலாம். பதிவை ஊர் மட்டத்துக்குக் கொண்டுவரலாம். வரி நியாயமாக இருந்தால் பைக்குள் ஒளித்துக் கொண்டுவர வேண்டிய தேவை தானாகக் குறையும்.

அண்ணாவிடம் பிளெண்டர் எரிந்ததை இன்னும் சொல்லவில்லை. சட்னி நல்லாயிருக்கு என்று அம்மா சொல்லிவிட்டா. அம்மியில்தான் அரைக்கிறா.