பெல்ட்டும் ஈரத்துணியும்



போன மாசம் ஒரு இன்டர்வியூ. எங்க அப்பா அருப்புக்கோட்டையில் தறி நெய்கிறவர். "அப்பாவும் முதலாளியும் ஹேண்ட் இன் க்ளவ்" என்று பெருமையாகச் சொன்னேன். நான் மனப்பாடம் செய்த பட்டியலில் 'நெருக்கமாக' என்றுதான் போட்டிருந்தது. எதிரே இருந்தவர் சிரித்துவிட்டார். பெரும்பாலும் கூட்டுக்களவாணிகளைச் சொல்லும் தொடராம் அது! வேலை போச்சு :-(

வெறும் பட்டியல் உதவாது என்பது என் கருத்து. குளிர்தேசத்தில் கையுறை உண்டு, பேச்சிலும் வந்துவிட்டது. திருச்சுழி வெயிலில் நமக்கு ஏது கையுறை? ஆனால் நம்மிடமும் துணி இருக்கிறதே. அவர்கள் 'ரோல் அப் யுவர் ஸ்லீவ்ஸ்' என்றால், நாம் வேட்டியை மடித்துக் கட்டுகிறோம். நட்பைச் சொல்ல வள்ளுவர் 788-ஆம் குறளில் எடுத்துக்கொண்டதும் நழுவும் ஆடையைத்தான்.

இப்படி ஜோடி சேர்த்துப் படித்தால் மறக்காது. ஆனால் ஜோடி எங்கே பிரிகிறது என்றும் பாருங்கள். கையில் காசு குறைந்தால் அவர்கள் பெல்ட்டை இறுக்குகிறார்கள். நாம் வயிற்றில் ஈரத்துணியைக் கட்டுகிறோம். ஒன்று போலத் தெரிகிறதா? பெல்ட் என்பது சிக்கனம். ஈரத்துணி என்பது பட்டினி.

அந்த வித்தியாசம் எங்க வானம் பார்த்த பூமிக்கு நல்லாவே தெரியும். அதை எந்தப் பட்டியலும் சொல்லித் தராது. நீங்க என்ன சொல்றீங்க?