கரன்ட் திரும்பிப் போனால் என்ன ஆகும்?

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் வழியெல்லாம், காட்டு ஓரங்களில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே சாம்பல் நிற டிரான்ஸ்ஃபார்மர்கள் நிற்கின்றன. கிணற்று மோட்டாரும் கோழிப்பண்ணை விளக்கும் அவற்றை நம்பித்தான் ஓடுகின்றன.

டிரான்ஸ்ஃபார்மருக்கு மேல்கம்பியில் வருவது 11 ஆயிரம் வோல்ட். சில பகுதிகளில் 22 ஆயிரம். வீட்டுக்கு வேண்டியதோ 230 வோல்ட்தான். அதை எப்படிக் குறைக்கிறார்கள்?

பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்கிய இரும்புத் தகடுகள் இருக்கும். ஒவ்வொரு ஃபேஸுக்கும் அவற்றின்மேல் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒரு சுருளில் திசை மாறி மாறி ஓடும் கரன்ட், இரும்பில் காந்தப் புலத்தை ஏற்றி இறக்கும். அந்த மாற்றம் அடுத்த சுருளில் வோல்டேஜை உண்டாக்கும். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த விதி இது.

எவ்வளவு வோல்டேஜ் என்பதை முடிவு செய்வது சுற்றுகளின் எண்ணிக்கை. மேல்பக்கச் சுருளில் 2,200 சுற்று, கீழ்ப்பக்கச் சுருளில் 50 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 44-க்கு 1. எனவே 11 ஆயிரம் வோல்ட் உள்ளே போனால் 250 வோல்ட் வெளியே வரும். வீடு வந்து சேர்வதற்குள் கம்பியில் கொஞ்சம் குறையும் என்பதால்தான் 230-க்குச் சற்று மேலே வைக்கிறார்கள்.

முதலிலேயே 230 வோல்ட்டாக அனுப்பினால் என்ன? மேட்டூர் அணையில் 1937-லிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். அதைக் குறைந்த வோல்டேஜில் அனுப்பினால் கம்பியில் ஓடும் கரன்ட் பல மடங்காகும். பாதி மின்சாரம் கம்பியைச் சூடாக்குவதிலேயே போய்விடும். வோல்டேஜை 44 மடங்கு உயர்த்தினால் கரன்ட் 44-ல் ஒரு பங்காகும்; அதே கம்பியில் வெப்ப இழப்போ 1,936-ல் ஒரு பங்காகக் குறையும்.

இதுவரை நல்ல செய்தி. இனிமேல்தான் கவனம் தேவை. இந்த விகிதத்துக்கு ஒருவழிப் பாதை கிடையாது. கீழ்ப்பக்கம் 230 வோல்ட் கொடுத்தால் மேல்பக்கம் 44 மடங்காக, அதாவது 10,120 வோல்ட்டாக எழும்பும்.

யார் கொடுக்கப்போகிறார்கள் என்கிறீர்களா? கரன்ட் போனதும் ஜெனரேட்டரைப் போட்டு, இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரைச் சுவரில் செருகுகிறவர்கள்தான்! மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால், அந்தக் கரன்ட் வீட்டு ஒயரைத் தாண்டி, டிரான்ஸ்ஃபார்மருக்குள் புகுந்து, மேல்கம்பிக்கு ஏறிவிடும். லோடு தாங்காமல் ஜெனரேட்டர் சற்று நேரத்தில் நின்றுவிடலாம். ஆனால், கம்பத்தின்மேல் லைன்மேன் இருந்தால் அவர் உயிர் போக அந்த நேரமே போதும். அவர்கள் வேலைக்கு முன் கம்பிகளை எர்த் செய்துகொள்வது இதற்காகவும்தான்.

தீர்வு எளிது. எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பொருத்துங்கள். அது ஒரு நேரத்தில் ஈ.பி. லைனையோ ஜெனரேட்டரையோ மட்டுமே இணைக்கும், இரண்டையும் சேர்க்காது. மூன்று ஃபேஸ் உள்ள பண்ணை, ஆலைகளுக்கு நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நான்கு போல் சுவிட்ச் நல்லது. இரண்டு பக்கமும் பிளக் உள்ள ஒயர் வீட்டில் இருந்தால், இன்றே வெட்டிப் போடுங்கள்.

கரன்ட் போன இருட்டில் நமக்காகக் கம்பம் ஏறுகிறவர், பத்திரமாக இறங்கி வீடு போய்ச் சேர வேண்டும் அல்லவா?